கம்பெனி பதிவதற்கு முன் ஒரு தாள் கணக்கு: தனி ஆலோசகர் எந்த அமைப்பில் தொழில் செய்வது?

மாதச் சம்பளத்தை விட்டுவிட்டுத் தனியாக ஆலோசனைத் தொழில் தொடங்குகிற பலர் ஆடிட்டரிடம் கேட்கும் முதல் கேள்வி, "பிரைவேட் லிமிடெட்டாகப் பதிந்துவிடலாமா?" என்பதுதான். மதுரைக்கு அருகே கப்பலூர் தொழிற்பேட்டையில் பல ஆண்டுகள் இயந்திரப் பராமரிப்பைக் கவனித்துவிட்டு இப்போது நான்கைந்து ஆலைகளுக்கு ஆலோசகராகப் போய்வரும் பொறியாளரும் இதைக் கேட்கிறார். வடபழஞ்சி ஐ.டி. பூங்காவில் வேலை பார்த்துவிட்டு இன்று வீட்டிலிருந்தபடியே வெளிநாட்டு நிறுவனத்துக்கு மென்பொருள் எழுதித் தருபவரும் இதையே கேட்கிறார். மாசி வீதிகளில் 'அன் கோ', 'அன் சன்ஸ்' என்று முடியும் பெயர்ப் பலகைகளைப் பார்த்து வளர்ந்த ஊரில், தன் பெயருக்குப் பின்னால் எதுவும் இல்லாமல் தொழில் செய்வது குறைவாகத் தோன்றுவது இயல்புதான். ஆனால் வரி என்ற ஒன்றை மட்டும் வைத்துப் பார்த்தால், எதையும் பதியாமல் சொந்தப் பெயரிலேயே தொழில் செய்பவருக்குச் சட்டம் அளித்திருக்கும் சலுகை கம்பெனிக்குக் கிடையாது. அது எவ்வளவு பெரிய சலுகை என்பதை நீங்களே ஒரு தாளில் போட்டுப் பார்ப்பதற்கான வழி கீழே இருக்கிறது.

முதல் படி: உங்கள் தொழில் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள்

வருமான வரிச் சட்டத்தின் 44ஏடிஏ பிரிவு, குறிப்பிட்ட சில தொழில்களைச் செய்வோருக்கு, வந்த தொகையில் பாதியை வருமானமாகக் காட்டினால் போதும் என்கிறது. மீதிப் பாதி செலவுக்குப் போனதாகச் சட்டமே எடுத்துக்கொள்வதால், கணக்குப் புத்தகங்களோ தணிக்கையோ தேவையில்லை. சட்டம், மருத்துவம், பொறியியல், கட்டடக் கலை, கணக்கியல், தொழில்நுட்ப ஆலோசனை, உள்அலங்காரம் ஆகியவற்றோடு, பின்னர் அறிவிக்கை வழியாகச் சேர்க்கப்பட்ட தகவல் தொழில்நுட்பமும் கம்பெனி செயலர் பணியும் திரைக் கலைஞர்களின் பணியும் இந்தப் பட்டியலில் உள்ளன. ஆண்டு வரவு 50 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். ரொக்கமாக வாங்கியது மொத்த வரவில் 5 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் அந்த எல்லை 75 லட்சமாக உயரும். வங்கி வழியாகவும் யு.பி.ஐ. வழியாகவும் மட்டுமே பணம் வாங்கும் ஆலோசகருக்கு 75 லட்சம்தான் எல்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

மனிதவள ஆலோசனை, விற்பனை உத்தி ஆலோசனை போன்றவை பட்டியலில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படவில்லை. அப்படிப்பட்ட வேலை செய்பவர்கள், அதைத் 'தொழில்நுட்ப ஆலோசனை' என்று தாமாகவே பெயர் சூட்டிக்கொள்ளாமல், ஆடிட்டரிடம் பேசிவிட்டு அடுத்த படிக்குப் போவது நல்லது.

2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்ததால் பிரிவு எண்கள் மாறியுள்ளன. 44ஏடிஏ புதிய சட்டத்தின் 58-ஆம் பிரிவுக்குள் அடங்குகிறது. ஆயினும் ஆடிட்டர் அலுவலகங்களில் புழங்கும் பழைய எண்ணையே இங்கு பயன்படுத்துகிறேன்.

இரண்டாம் படி: இரண்டு எண்களை எழுதுங்கள்

ஓர் ஆண்டில் உங்களுக்கு வரக்கூடிய மொத்தத் தொகை ஒன்று. உண்மையில் ஆகும் செலவு மற்றொன்று. வாடகை, மடிக்கணினி, பயணம், உதவியாளர் சம்பளம் எல்லாம் செலவில் அடங்கும். வீட்டு முன்னறையில் உட்கார்ந்து வேலை செய்பவருக்கு இந்தச் செலவு வரவில் பாதியைத் தொடுவது அரிது. செலவு பாதிக்குக் குறைவாக இருக்கும்வரை 44ஏடிஏ உங்கள் பக்கம் இருக்கிறது. செலவு பாதியைத் தாண்டினால் உண்மைக் கணக்கைக் காட்டலாம்; ஆனால் அப்போது புத்தகங்களை வைத்திருப்பதோடு, வருமானம் வரிவிலக்கு வரம்பைத் தாண்டும்போது தணிக்கையும் செய்துகொள்ள வேண்டும்.

மூன்றாம் படி: ஒரே தொகையை நான்கு அமைப்பிலும் போட்டுப் பாருங்கள்

பொறியியல் ஆலோசகர் ஒருவருக்கு ஆண்டு வரவு 30 லட்சம், உண்மைச் செலவு 8 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 2025-26 நிதியாண்டின் புதிய வரிமுறை விகிதங்களையே எடுத்துக்கொள்கிறேன்: 4 லட்சம் வரை வரி இல்லை; அதற்கு மேல் ஒவ்வொரு 4 லட்சத்துக்கும் முறையே 5, 10, 15, 20, 25 சதவீதம்; 24 லட்சத்துக்கு மேல் 30 சதவீதம்; வந்த வரியின் மேல் 4 சதவீதம் செஸ் என்ற கூடுதல் வரி.

சொந்தப் பெயரில், அதாவது புரொப்ரைட்டராக, 44ஏடிஏ வழியாகக் காட்டினால் வருமானம் 15 லட்சம். வரி 1,05,000 ரூபாய். செஸ் சேர்த்து 1,09,200 ரூபாய். இதே ஆள் 44ஏடிஏவை விட்டுவிட்டு உண்மை லாபமான 22 லட்சத்தைக் காட்டியிருந்தால் 2,60,000 ரூபாய் கட்டியிருப்பார். இன்னொன்றையும் கவனியுங்கள்: வரவு 24 லட்சமாக இருந்தால் காட்ட வேண்டிய வருமானம் 12 லட்சம், வேறு வருமானம் ஏதும் இல்லையென்றால், 12 லட்சம் வரை வருமானம் உள்ளவர்களுக்கான 87ஏ தள்ளுபடியால் வரியே இல்லை. வங்கி வட்டியும் வீட்டு வாடகையும் இதோடு சேர்த்துத்தான் கணக்கிடப்படும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

நண்பரோடோ மனைவியோடோ சேர்ந்து 1932-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் சாதாரணப் பார்ட்னர்ஷிப் தொடங்கினாலும் 44ஏடிஏ உண்டு. ஆனால் பார்ட்னர்ஷிப்புக்கு விலக்கு வரம்பும் இல்லை, படிநிலை விகிதமும் இல்லை. முதல் ரூபாயிலிருந்தே 30 சதவீதம். ஆகவே அதே 15 லட்சத்துக்கு செஸ்ஸோடு 4,68,000 ரூபாய் ஆகிறது. பாதியைச் செலவாக ஏற்கெனவே கொடுத்துவிட்டதாகச் சட்டம் கருதுவதால், கூட்டாளிகளின் சம்பளத்தை அதற்கு மேல் தனியாகக் கழிக்கவும் இடமில்லை. நான்கு மடங்குக்கு மேல் வரி கட்டுவதற்காக முத்திரைத் தாளில் ஒப்பந்தமும் எழுத வேண்டியிருக்கிறது.

கூட்டாளிகளின் பொறுப்புக்கு வரம்பு உள்ள கூட்டு நிறுவனமான எல்.எல்.பி.யின் விகிதமும் அதே 30 சதவீதம்தான். 44ஏடிஏ அதற்குக் கிடையவே கிடையாது. தொடங்குகிறவர்கள் கவனிக்கத் தவறும் வாசகம் இதுதான்: சட்டம் 'எல்.எல்.பி. நீங்கலான கூட்டு நிறுவனம்' என்றே சொல்கிறது. உண்மை லாபம் 22 லட்சத்திலிருந்து கூட்டாளிகளுக்குச் சம்பளமாக, முதல் 6 லட்சத்தில் 90 சதவீதமும் மீதியில் 60 சதவீதமும், ஆக 15 லட்சம் வரை கழிக்கலாம். எஞ்சும் 7 லட்சத்துக்கு எல்.எல்.பி. கட்டுவது 2,18,400 ரூபாய். அந்த 15 லட்சத்தையும் நீங்களே வாங்கினால் உங்கள் கையில் மேலும் 1,09,200 ரூபாய் வரி. மனைவியைக் கூட்டாளியாக்கி அந்தச் சம்பளத்தைப் பிரிக்கலாமே என்று தோன்றும். அவருக்கு அந்தத் தொழிலுக்குரிய தகுதியோ அனுபவ அறிவோ இருந்து அவரே உழைத்து ஈட்டினால் சரி. இல்லையென்றால் அவருடைய சம்பளம் உங்கள் வருமானத்தோடு சேர்க்கப்படும். 2025 ஏப்ரல் 1 முதல், கூட்டாளிக்குத் தரும் சம்பளமும் வட்டியும் ஆண்டுக்கு 20,000 ரூபாயைத் தாண்டினால் நிறுவனம் 10 சதவீதத்தை டி.டி.எஸ். ஆக, அதாவது பணம் தரும்போதே பிடிக்கும் வரியாக, பிடித்துக் கட்ட வேண்டும் என்ற வேலையும் சேர்ந்திருக்கிறது.

கம்பெனி என்றால், ஒருவர் மட்டுமே உறுப்பினராக இருக்கும் ஓ.பி.சி.யானாலும் இருவர் தேவைப்படும் பிரைவேட் லிமிடெட்டானாலும், கம்பெனிகளுக்கான குறைந்த விகிதத்தைத் தரும் 115பிஏஏ பிரிவைத் தேர்ந்தெடுத்தால் சர்சார்ஜ் என்ற மேல்வரியும் செஸ்ஸும் சேர்த்து 25.168 சதவீதம். 22 லட்சத்தில் 12,75,000 ரூபாயை இயக்குநர் சம்பளமாக எடுத்துக்கொண்டால், 75,000 ரூபாய் நிலைக் கழிவு போக உங்கள் கையில் வரி இல்லை. மிஞ்சும் 9,25,000 ரூபாய்க்குக் கம்பெனி கட்டுவது சுமார் 2,32,800 ரூபாய். அந்தப் பணத்தை டிவிடெண்டாக வீட்டுக்குக் கொண்டுவந்தால், 2020 ஏப்ரலிலிருந்து அதற்கும் உங்கள் கையில் வரி உண்டு. வியாபாரமே நடக்காத ஆண்டிலும் கம்பெனிக்குத் தணிக்கை கட்டாயம். கம்பெனிப் பதிவாளரிடம் ஆண்டுதோறும் தர வேண்டிய ஏஓசி-4, எம்ஜிடி-7ஏ படிவங்கள் தாமதமானால் படிவம் ஒன்றுக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய் கூடுதல் கட்டணம். ஆடிட்டர் கட்டணத்தை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

நான்காம் படி: கணக்கு எப்போது தலைகீழாகும்?

வரவு 75 லட்சத்தைத் தாண்டி, பணத்தின் ஒரு பகுதி வீட்டுச் செலவுக்குத் தேவைப்படாமல் தொழிலிலேயே தங்கப்போகிறது என்ற நிலை வரும்போது கம்பெனியைப் பற்றி யோசிக்கலாம். லாபம் 60 லட்சம் என்றால் புரொப்ரைட்டர், 50 லட்சத்துக்கு மேலுள்ளவர்களுக்கான 10 சதவீத சர்சார்ஜும் சேர்த்து, 15,78,720 ரூபாய் கட்ட வேண்டியிருக்கும். கம்பெனியாக இருந்து, 24,75,000 ரூபாயைச் சம்பளமாக எடுத்துக்கொண்டு மீதியை உள்ளேயே விட்டுவைத்தால் இரண்டு இடத்து வரியும் சேர்ந்து சுமார் 11,99,200 ரூபாய்தான். ஏறத்தாழ 3,80,000 ரூபாய் மிச்சம். ஆனால் உள்ளே விட்ட பணத்தையும் டிவிடெண்டாக எடுத்துவிட்டால் மொத்த வரி 20 லட்சத்தைத் தாண்டி, புரொப்ரைட்டரைவிட மோசமான நிலைக்கு வந்துவிடும். ஆகவே, எவ்வளவு சம்பாதிக்கிறேன் என்பதைவிட எவ்வளவு எடுத்துச் செலவழிக்கிறேன் என்பதே இங்கு முடிவைத் தீர்மானிக்கிறது.

வரிக்கு வெளியேயும் காரணங்கள் இருக்கலாம். பெரிய நிறுவனங்கள் சில, கம்பெனிகளோடு மட்டுமே ஒப்பந்தம் போடுகின்றன. புரொப்ரைட்டரின் தொழில் கடனுக்கு அவருடைய வீடும் நகையும் பொறுப்பாகும். கம்பெனியின் கடன் பொதுவாகக் கம்பெனியோடு நிற்கும். இந்தக் காரணங்களுக்காகக் கூடுதல் வரி கட்டத் தயார் என்றால் அது நியாயமான முடிவுதான். வரி குறையும் என்று நம்பி அந்த முடிவுக்கு வருவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

ஐந்தாம் படி: புரொப்ரைட்டராகத் தொடங்குவது

இதில் பதிவு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. உங்கள் பான் எண்ணே தொழிலின் பான் எண். குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான அரசின் உத்யம் தளத்தில் ஆதாரை வைத்துக் கட்டணமின்றிப் பதிந்துகொள்ளுங்கள். அதற்குப் பணம் கேட்கும் இணையதளம் அரசுத் தளம் அல்ல. அந்தச் சான்றிதழை வைத்து வங்கியில் நடப்புக் கணக்கு தொடங்கி, தொழில் பணம் அனைத்தையும் அதில் மட்டுமே வாங்குங்கள். உத்யம் பதிவால் இன்னொரு நன்மையும் உண்டு: குறு, சிறு நிறுவனத்துக்கு, எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள்ளும் இல்லையென்றால் 15 நாளுக்குள்ளும் பணம் தராத வாடிக்கையாளர், அந்தத் தொகையைக் கொடுத்து முடிக்கும்வரை தன் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது. மார்ச் மாதத்தில் நிலுவையைக் கேட்டு வாங்க இது நன்றாக உதவும்.

ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு தேவை, வெளிநாட்டிலிருந்து வரும் தொகையும் இந்த 20 லட்சத்தில் சேரும். ஜி.எஸ்.டி. தளத்தில் எல்.யு.டி. என்ற உறுதிமொழியைத் தாக்கல் செய்துவிட்டு, வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு வரி சேர்க்காமலே பில் போடலாம். உள்ளூர் வாடிக்கையாளருக்குப் பொதுவாக 18 சதவீதம். மாநகராட்சிக்கு அரையாண்டுக்கு ஒருமுறை தொழில் வரியும் உண்டு. அது எப்படியும் ஆண்டுக்கு 2,500 ரூபாயைத் தாண்டாது.

உள்ளூர் நிறுவனங்கள் ஆண்டுக்கு 50,000 ரூபாய்க்கு மேல் தரும்போது தொழில்முறைச் சேவைக்கு 10 சதவீதமும் தொழில்நுட்பச் சேவைக்கு 2 சதவீதமும் டி.டி.எஸ். பிடித்துக்கொள்ளும். வரி இல்லாத அளவில் வருமானம் இருந்தாலும் சுகம் எனப்படும் ஐடிஆர்-4 படிவத்தைத் தாக்கல் செய்தால்தான் அந்தப் பணம் திரும்பி வரும். வெளிநாட்டு நிறுவனம் எதையும் பிடிக்காது. எனவே அங்கிருந்து வாங்குபவர் ஒவ்வொரு முறை பணம் வரும்போதும் வரிக்கான பங்கைத் தனிச் சேமிப்புக் கணக்குக்கு மாற்றிவைப்பது நல்லது. 44ஏடிஏ வழியில் போகிறவருக்கு நான்கு தவணை கிடையாது. ஆண்டின் முன்கூட்டு வரி முழுவதையும் மார்ச் 15-க்குள் ஒரே தடவையில் கட்ட வேண்டும்.