நகரும் அசெம்ப்ளியில் வயர் ஹார்னஸ்: நீளம் மாறாமல் வரைவது எப்படி

சாலிட்வொர்க்ஸ் போன்ற 3டி வரைவு மென்பொருளின் திரையில் வயர் ஹார்னஸ், அதாவது கட்டாகக் கட்டிய கேபிள், ரப்பர் மாதிரி. கேபிளைப் பிடிக்கும் நிலையான கிளாம்புக்கும் நகரும் கேரியேஜுக்கும் (இயந்திரத்தில் முன்னும் பின்னும் ஓடும் பகுதி) நடுவே ஒரு ஸ்ப்லைன் (வளைகோடு) போட்டு, அதன் வழியே குழாய் இழுக்கும் ஸ்வீப் கொடுத்தால், கேரியேஜ் எங்கே போனாலும் அது நீண்டு கொடுக்கும். சாஃப்ட்வேர் எந்தப் பிழையும் காட்டாது. இயந்திரத்தைப் பொருத்தி ஓட்டும்போதுதான் கனெக்டர் பிடுங்கிக்கொண்டு வரும். ஆகவே முதலில் நீளத்தைப் பூட்டுங்கள், அழகு பிறகு.

நேர்கோட்டில் ஓடும் கேரியேஜுக்கு ஸ்ப்லைனே வேண்டாம். படுக்கவைத்த ‘ப’ போதும்: கீழே ஒரு கோடு, ஓர் அரைவட்டம், மேலே ஒரு கோடு. சாலிட்வொர்க்ஸில் ஓர் உதாரணம். ஓட்டம் 300 மி.மீ., கேபிள் விட்டம் 5 மி.மீ., வளைவு ஆரம் அதைப் போல் 10 மடங்கு, அதாவது 50 மி.மீ. கேட்டலாக்கில் இரண்டு ஆரங்கள் தந்திருப்பார்கள். அசையாத கேபிளுக்கான சிறிய எண்ணை எடுத்துவிட்டால் உள்ளே செப்பு இழை கொஞ்சம் கொஞ்சமாக அறும்.

நிலையான கிளாம்பை ஓட்டத்தின் நட்டநடுவில், இடக்கோடியிலிருந்து 150 மி.மீ.யில் வையுங்கள். அரைவட்டம் 157, இரு நேர்ப்பகுதிகளும் சேர்ந்து 190 (கோடியில் 20 + 170); கிளாம்புக்குக் கிளாம்பு 347 மி.மீ.

1. ஹார்னஸைத் தனிப் பார்ட்டாக வரையுங்கள். வேறு பாகத்தின் விளிம்பையோ முகத்தையோ ஸ்கெட்ச்சில் தொடாதீர்கள்; தொட்டால் சுழல் சார்பு (ஒன்றையொன்று நம்பிச் சுற்றும் பிழை) வந்து சேரும்.

2. அளவுகளை இடக்கோடியிலிருந்து எடுங்கள். கேரியேஜ் நகரும்போது வளைவு அதில் பாதி தூரமே நகரும். எனவே வளைவு தொடங்கும் இடம் = 170 + கேரியேஜ் தூரம் ÷ 2 (170 என்பது கிளாம்பின் 150-உடன் 20 நேர்ப்பகுதி). கேரியேஜ் 0-இல் நின்றால் 170, 300-இல் நின்றால் 320. கிளாம்பிலிருந்து அளந்தால் கேரியேஜ் தூரம் நடுவில் பூஜ்யத்தைத் தாண்டும், ஸ்கெட்ச் மறுபக்கம் புரண்டுவிடும்.

3. ஸ்வீப்பில் வட்ட புரொஃபைலைத் தேர்ந்து 5 மி.மீ. கொடுங்கள். பல வயர் இருந்தால் ஒவ்வொன்றாக வரையவேண்டாம், கட்டு முழுவதும் ஒரே குழாய்.

4. பாகங்களைச் சேர்க்கும் அசெம்ப்ளியில் கேரியேஜுக்கு டிஸ்டன்ஸ் மேட் (தூரத்தை நிறுத்தும் இணைப்பு) போட்டு, அந்த எண்ணைப் பார்ட்டின் ‘கேரியேஜ் தூரம்’ அளவோடு ஈக்வேஷனில் (சமன்பாட்டில்) இணையுங்கள். இனி கையால் இழுக்க வராது, எண்ணைத்தான் மாற்றவேண்டும். வடிவம் பின்தொடராவிட்டால் கன்ட்ரோல்-கியூ அழுத்தி முழுவதையும் புதுப்பியுங்கள்.

இரு கோடிகளிலும் 20 மி.மீ. நேர்ப்பகுதி மிஞ்சுவதைக் கவனியுங்கள். அது தாராளம் அல்ல. கோடு பூஜ்யமானால் ஸ்கெட்ச் உடையும். நிஜத்திலோ வளைவு கிளாம்பின் வாயிலேயே தொடங்கி, கேபிள் அங்கேயே முறியும். இன்னொன்று: அதே இயந்திரத்தை உற்பத்தி லைனில் இரண்டு இடத்தில் போட்டால் இரண்டு ஹார்னஸும் ஒரே நிலையைக் காட்டும். அதற்குத் தனித்தனி கான்ஃபிகரேஷன் (ஒரே பார்ட்டின் மாற்று வடிவம்) வேண்டும்.

கீல் உள்ள கதவுக்கு ஸ்ப்லைன் தவிர்க்க முடியாது. அங்கே கிளாம்பை எங்கே வைக்கிறோம் என்பதுதான் எல்லாம். கீல் அச்சிலிருந்து இரு பக்கமும் 60 மி.மீ. தள்ளி, ஒரே உயரத்தில் வைத்தால், இரு பலகைகளின் கோணம் 90 டிகிரியிலிருந்து 180 ஆகும்போது இடைவெளி 85-இலிருந்து 120 ஆகும், 35 மி.மீ. உபரி எங்காவது பிதுங்கி இடுக்கில் மாட்டும். அதையே அச்சுக்கு 20 மி.மீ. அருகில், ஒன்றுக்கொன்று 150 மி.மீ. உயரம் விட்டு வைத்தால் மாற்றம் 3 மி.மீ.கூட இல்லை. கேபிள் வளைவதற்குப் பதில் மெல்ல முறுக்கிக்கொள்கிறது. மூடியது, பாதி, திறந்தது என மூன்று நிலையிலும் ஸ்ப்லைன் நீளத்தை அளந்து, வலது கிளிக்கில் ஷோ மினிமம் ரேடியஸ் (மிகச் சிறிய வளைவு ஆரத்தைக் காட்டுவது) போட்டுப் பாருங்கள். பாதி திறப்பில்தான் பெரும்பாலும் கேபிள் உரசும். அதைத்தான் பலரும் பார்ப்பதில்லை.

பொருள் பட்டியலில் திரையில் அளந்த எண்ணைப் போடாதீர்கள். மேலே பார்த்த கேரியேஜில் 347-உடன் கிளாம்பைத் தாண்டிக் கனெக்டர் வரை போகும் இரு வால்களும், ஒவ்வொன்றும் 80 என்றால், வெட்டு நீளம் 507 மி.மீ. அதை ஒரு பண்பாக (கஸ்டம் பிராப்பர்ட்டி) பார்ட்டிலேயே எழுதி வையுங்கள்.