அடைமழைக் காலத்தில் பட்டறை இரும்பைத் துருவிலிருந்து காப்பது எப்படி?

அம்பாசமுத்திரம் பக்கம் சிறிய மரக் கடைசல் பட்டறை வைத்திருக்கும் எனக்கு, ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பெருங்கவலை உளிகளில் ஏறும் துருதான். மரமும் பசையும் காய்வதற்காகக் கழிவுத் துண்டுகளைப் போட்டு அடுப்பு மூட்டினால் ஈரம் போய்விடும் என்றே முதலில் நம்பினேன். ஒருநாள் காலை அடுப்பு மூட்டி அரைமணி நேரத்தில், கடைசல் இயந்திரத்தின் இரும்புப் படுகை முத்து முத்தாக வியர்த்திருந்தது. மறுநாள் பெரிய உளியின் பட்டையில் என் கட்டைவிரல் ரேகை, சுழி பிசகாமல், பழுப்பு நிறத்தில் பதிந்திருந்தது.

உலர்ந்த விறகு ஒரு கிலோ எரிந்தாலும், அதிலுள்ள ஹைட்ரஜன் ஆக்சிஜனோடு சேர்ந்து ஏறத்தாழ அரைக் கிலோ நீராவி உண்டாகிறது. ஈர விறகென்றால் இன்னும் கூடும். 28 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் கொண்ட காற்று, ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருக்கும் இரும்பைத் தொட்டால் நீராகப் படியும். காற்று விரைவில் சூடேறிவிடும். கனத்த இரும்போ இரவின் குளிர்ச்சியை எளிதில் விடாது.

ஆகவே முதல் வேலை, அடுப்பிலிருந்து கூரைக்கு மேல் வரை தகரப் புகைக்குழாய் வைப்பது. நீராவி அதன் வழியே வெளியேறும். உயிருக்கே ஆபத்தான கார்பன் மோனாக்சைடும் உள்ளே தங்காது. குழாய் ஓலையையோ மரச்சட்டத்தையோ தொடக் கூடாது.

அடுத்து, நன்கு காய்ந்த விறகை மட்டும் சிறிது சிறிதாக இட்டு, இரும்பும் காற்றோடு சேர்ந்து சூடேறும்படி மெதுவாக எரிக்க வேண்டும். மேல் சன்னலைச் சிறிது திறந்தே வையுங்கள். மாலையில் தணலை அணைத்த பிறகும் உடனே பூட்டிவிடாமல் அரைமணி நேரம் காற்றாட விட்டால், இரவில் தகரக் கூரையிலிருந்து நீர் சொட்டுவது குறையும்.

மூன்றாவதாக, கருவிகளைக் கவனியுங்கள். ஏறிய துருவை நைஸ் உப்புத்தாளால் தேய்த்து, உலர்ந்த துணியால் துடைத்து, தையல் மிஷின் எண்ணெயை மிக மெல்லியதாகப் பூசுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம். நாளானால் காறிப்போய், அதன் அமிலம் இரும்பையே அரிக்கும். வியர்வையில் உப்பு இருப்பதால், எண்ணெய் பூசிய பின் இரும்பை விரலால் தொடாமல் பிடியைப் பற்றியே பெட்டியில் வையுங்கள். கருவேலத் தூளில் துவர்ப்புச் சத்து மிகுதி. ஈரத்தோடு ஓர் இரவு ஒட்டிக் கிடந்தாலே இரும்பு கறுத்துவிடும். எனவே தூளைத் தட்டிவிட்ட பிறகே எண்ணெய்த் துணியை எடுங்கள்.