கூட்டுப் பயிற்சிப் பாராட்டு விழா: ஷீல்டு அடிக்கக் கொடுக்கும் முன்

ராமநாதபுரம் மாவட்டத்து உச்சிப்புளியில் கடற்படை விமானத் தளம், மண்டபத்தில் கடலோரக் காவல்படை. அதனால் மலபார், மிலன், தோஸ்தி என்று பன்னாட்டுப் பயிற்சி எந்தக் கடலில் நடந்தாலும், கலந்துகொண்டவர்களைப் பாராட்டும் வேலை இந்தப் பக்கத்து ஆட்களிடமும் வந்து சேரும். புதிதாக இறங்குகிறவர்கள் எங்கே சறுக்குவார்கள் என்பது பழையவர்களுக்கு மனப்பாடம். மைக், எழுத்துப்பிழை எல்லாம் அவரவர் பார்த்துக்கொள்ளட்டும்.

எந்தக் கேப்டன்?

இன்றைக்கும் எரிச்சல் மூட்டுவது இதுதான். நம் தரைப்படைக் கேப்டன் தோளில் மூன்று நட்சத்திரம். அவர் கடற்படை லெப்டினன்ட்டுக்குச் சமம். கடற்படைக் கேப்டன் தோளில் நான்கு தங்கப் பட்டை. அவர் கர்னலுக்குச் சமம். நடுவே இரண்டு படி இருக்கிறது. பட்டியலில் இரண்டும் 'கேப்டன்' என்று வர, இளம் தரைப்படை அதிகாரி முன்வரிசையிலும் மூத்த கடற்படை அதிகாரி மூன்றாம் வரிசையிலும் உட்காருவார்கள். யாரும் வாய் திறக்க மாட்டார்கள். ஆனால் கவனிக்காதவர் ஒருவரும் இருக்க மாட்டார்.

இன்னொரு சிக்கல்: ரேங்க் கமாண்டராக இருந்தாலும், கப்பலை நடத்துகிறவரைக் கப்பலில் கேப்டன் என்றே அழைப்பார்கள். காதில் விழுந்ததை ஷீல்டில் போட்டால் தப்பு. கமாண்டன்ட்டும் அப்படியே. நம் கடலோரக் காவல்படையில் அது ஒரு ரேங்க். அமெரிக்கக் கடலோரக் காவல்படையிலோ படைத்தலைவரே கமாண்டன்ட், நான்கு நட்சத்திர அட்மிரல்.

தொடர்பு அதிகாரியிடம் நான்கு கட்டம் போட்ட பட்டியல் வாங்குங்கள்: பெயர், நாடு, படை, ரேங்க். பக்கத்தில் நேட்டோ சமநிலை எண்ணை, அதாவது வெவ்வேறு படைகளின் ரேங்குகளை ஒப்பிடும் ஓஎஃப் எண்ணைக் குறியுங்கள். தரைப்படைக் கேப்டன் ஓஎஃப்-2, கடற்படைக் கேப்டன் ஓஎஃப்-5. நாற்காலி வரிசை அந்த எண்படி. ப்ரூஃபில் தொடர்பு அதிகாரியின் கையெழுத்து விழாமல் பித்தளைத் தகட்டை லேசருக்கு அனுப்பாதீர்கள். பொறித்ததை அழிக்க வழியில்லை, தகடே புதிதாக வேண்டும்.

இனிஷியல்

பெயரோடு வரும் இனிஷியலை நீங்களாக முழுப்பெயராக விரிக்காதீர்கள்.

ஜப்பான்

அவர்கள் படையின் பெயர் 'கடற்படை' அல்ல. கடல்சார் தற்காப்புப் படை.

பொன்னாடை

போர்த்தினால் பெயர்ப் பட்டையும் பதக்க ரிப்பனும் மறைந்து, போட்டோ வீணாகும். மடித்துக் கையில் கொடுங்கள்.

ராமேசுவரம் கடைச் சிப்பி

நினைவுப் பரிசு வாங்கும்போது கவனம். பவளமும் கடல்குதிரையும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருபவை, தொடவே வேண்டாம். சங்கு, மரம், பனையோலை என்றால் ஆஸ்திரேலியாக்காரர் ஊர் திரும்பியதும் உயிரிப் பாதுகாப்புச் சோதனையில் காட்ட வேண்டியிருக்கும். பரமக்குடிக் கைத்தறித் துணி கொடுத்தால் பெட்டியில் மடித்து வைத்துக்கொண்டு போய்விடுவார்.