மங்கிய குடும்பப் படங்களைக் கணினியில் மீட்பது எப்படி

பீரோவின் அடித்தட்டில் கிடக்கும் கல்யாண ஆல்பத்தைத் திறந்தால், 1970களிலும் 80களிலும் எடுத்த வண்ணப்படங்கள் பல செம்மண் நீரில் தோய்த்தெடுத்தவை போலத் தெரியும். அவற்றுக்கும் முந்தைய கறுப்புவெள்ளைப் படங்களோ பழுப்பேறியிருந்தாலும் முகங்கள் தெளிவாகவே இருக்கும். கறுப்புவெள்ளைப் படத்தின் உருவம் வெள்ளித் துகள்களால் ஆனது. வண்ணப்படத்தின் உருவம் சியான் (நீலப்பச்சை), மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு), மஞ்சள் என்னும் மூன்று சாயங்களால் ஆனது. அக்காலத் தாள்கள் பலவற்றில், இருட்டில் பூட்டி வைத்திருந்தாலும்கூட, சியான் சாயம் மற்றவற்றைவிட விரைவாகச் சிதைந்தது. சிவப்பொளியை உறிஞ்ச வேண்டிய சாயம் அதுதான் என்பதால், அது குறையக் குறையப் படம் முழுவதும் சிவப்பேறிப் போயிற்று. ஆனாலும் அது முற்றாக அழிந்துவிடுவதில்லை. எஞ்சியிருக்கும் சிறு வேறுபாட்டைப் பெருக்கிக் காட்டுவதுதான் மீட்பு. இல்லாததை வரைந்து சேர்ப்பது வேறு வேலை. கீழே சொல்லும் முறைகள் முதல் வேலைக்கானவை.

பாதி வெற்றி ஸ்கேன் செய்யும்போதே தீர்மானமாகிவிடுகிறது. ஸ்கேனரின் கண்ணாடியையும் படத்தையும் மென்மையான தூரிகையால் தூசு தட்டுங்கள், ஈரத்துணியால் துடைக்காதீர்கள். பிரேமின் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தைப் பிரித்தெடுக்க முயன்றால் முகத்தின் மேற்பூச்சு கண்ணாடியோடு போய்விடும். ஆகவே குங்குமத்தையும் சந்தனத்தையும் மட்டும் வெளிப்புறத்திலிருந்து துடைத்துவிட்டுக் கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள். போஸ்ட்கார்டு அளவுள்ள படத்துக்கு அங்குலத்துக்கு 600 புள்ளிகள் போதும். 4×6 அங்குலப் படம் 2400×3600 பிக்ஸல்களாகக் கிடைக்கும். பாஸ்போர்ட் அளவுப் படமானால் 1200 வைத்துக்கொள்ளலாம். ஒரு வண்ணத்துக்கு 16 பிட் என்ற அமைப்பை, அதாவது ஸ்கேனர் மென்பொருளில் 48 பிட் கலர் என்று காட்டுவதை, தேர்ந்தெடுத்து, தரம் குறையாமல் சேமிக்கும் டிஃப் (TIFF) வகைக் கோப்பாகச் சேமியுங்கள். 8 பிட்டில் ஒரு வண்ணத்துக்கு 256 படிகள் மட்டுமே உண்டு. மங்கிய படத்தில் அவற்றுள் ஒரு சிறு பகுதிதான் பயன்பட்டிருக்கும், அதை இழுத்துப் பெரிதாக்கும்போது வானமும் கன்னமும் பட்டை பட்டையாகப் பிளந்து தெரியும். 16 பிட்டில் 65,536 படிகள் இருப்பதால் இந்தத் தொல்லை இல்லை. ஸ்கேனர் தானாகச் செய்யும் நிறத்திருத்தம், கூர்மையாக்கம் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். பழைய உறையில் நெகட்டிவ் இருந்தால், அதற்கென்று தட்டுள்ள ஸ்கேனரில் அதையே ஸ்கேன் செய்வது மேல். தாளில் இடம்பெறாத நுணுக்கங்கள் அதில் இருக்கக்கூடும்.

மேற்பரப்பு பட்டுத்துணி போலச் சொரசொரப்பாக உள்ள தாள்கள் தனி ரகத் தலைவலி. ஸ்கேனரின் விளக்கு ஒரு பக்கத்திலிருந்து விழுவதால் ஒவ்வொரு மேடும் சிறு நிழலை உண்டாக்கி, முகம் முழுவதும் வலை விரித்தது போலாகிவிடும். படத்தை ஒருமுறை நேராகவும், அடுத்தமுறை தலைகீழாகத் திருப்பி வைத்தும் ஸ்கேன் செய்து, இரண்டாவதைக் கணினியில் நேராக்கி, முதலாவதன்மேல் தனி லேயராக (அடுக்காக) வையுங்கள். மேல் லேயரை, இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் காட்டும் 'டிஃபரன்ஸ்' நிலைக்கு மாற்றி, திரை மிகவும் கறுப்பாகும் இடம்வரை நகர்த்தினால் இரண்டும் பொருந்திவிடும். பிறகு இயல்பு நிலைக்குத் திருப்பி, அதன் அடர்த்தியை 50 சதவீதமாகக் குறைத்தால், எதிரெதிர்த் திசையில் விழுந்த நிழல்கள் பெரும்பாலும் ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்ளும்.

மென்பொருளுக்குச் செலவழிக்க வேண்டியதில்லை. இலவசமாகக் கிடைக்கும் ஜிம்ப், 2018இல் வெளிவந்த 2.10 பதிப்பு முதல் 16 பிட் கோப்புகளை அப்படியே கையாளுகிறது. போட்டோஷாப் வைத்திருப்பவர்களுக்கும் இதே கருவிகள் ஏறக்குறைய இதே பெயர்களில் உண்டு. எதைத் திறந்தாலும், ஸ்கேன் செய்த மூலக்கோப்பைத் தொடாமல் அதன் நகலில்தான் வேலை செய்ய வேண்டும்.

முதலில் நிறத்தைச் சரிசெய்யுங்கள். தூசும் கீறலும் பிறகு பார்த்துக்கொள்ளலாம், ஏனென்றால் நிறம் சரியான பிறகுதான் அவற்றுள் பல கண்ணுக்கே தெரியவரும். 'லெவல்ஸ்' பலகையைத் திறந்து, மொத்தப் படத்துக்கும் பொதுவான நிலையில் எதையும் செய்யாமல், சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றையும் தனித்தனியே பாருங்கள். சிவப்பேறிய படத்தில் சிவப்பின் ஹிஸ்டோகிராம் (இருட்டிலிருந்து வெளிச்சம்வரை எந்த அளவு எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் வரைபடம்) வலப்பக்கமாகக் குவிந்து, இடப்பக்கம் வெறுமையாகக் கிடக்கும். இடப்பக்கத்திலுள்ள கறுப்பு முக்கோணத்தை அந்தக் குவியல் தொடங்கும் இடம்வரை நகர்த்துங்கள். தாள் மஞ்சளேறியிருந்தால் நீலத்தில் இதற்கு நேர்மாறாக வலப்பக்கம் காலியாக இருக்கும். அங்கே வெள்ளை முக்கோணத்தை இடப்பக்கம் கொண்டுவர வேண்டும். பச்சையிலும் இரு முனைகளையும் இதேபோல் சரிபாருங்கள். இவ்வளவு செய்தாலே ஐம்பது வருடச் செம்மண் விலகிப் புடவையின் பச்சை எட்டிப் பார்க்கும். அந்தக் கணத்துக்காகவே இந்த வேலையை நான் விரும்பிச் செய்கிறேன். நிறச்சாயலை மாற்றும் ஒற்றைப் பட்டையை நகர்த்தி இதைச் சாதிக்க முடியாது, ஏனெனில் இருண்ட பகுதிகளில் உள்ள சிவப்பும் வெளிச்சமான பகுதிகளில் உள்ள சிவப்பும் ஒரே அளவானவை அல்ல.

அடுத்ததாக, படத்தில் நிறமற்றது என்று உறுதியாகத் தெரிந்த ஒன்றைத் தேடுங்கள். வெள்ளை வேட்டியின் நிழல் விழுந்த மடிப்பு, சட்டைக் காலர், நெற்றியின் திருநீறு ஆகியவை நம் வீட்டுப் படங்களில் பெரும்பாலும் கிடைக்கும். அந்த இடத்தில் மூன்று வண்ணங்களின் எண்களும் ஏறக்குறைய சமமாகும்வரை ஒவ்வொன்றின் நடு முக்கோணத்தையும் சிறிது சிறிதாக நகர்த்த வேண்டும். பிறகு முகத்தைப் பாருங்கள். தோலில் சிவப்பு மிகுந்தும், பச்சை அதற்கு அடுத்தும், நீலம் எல்லாவற்றிலும் குறைந்தும் இருக்கும். நீலம் பச்சையைத் தாண்டினால் முகம் நோயுற்றது போலாகிவிடும். இந்தக் கட்டத்தில் முகத்தைச் 'சற்று வெளுப்பாக்கினால் நன்றாக இருக்குமே' என்று யாராவது சொல்வார்கள். பழைய ஸ்டூடியோக்களில் டச்சப் என்ற பெயரில் அதைத்தான் நெடுங்காலம் செய்துவந்தார்கள். மாநிறத்து அம்மாவை மாநிறமாகவே விட்டுவிடுமாறு நான் வற்புறுத்துவேன்.

கறுப்புவெள்ளைப் படங்களையும் வண்ணத்திலேயே ஸ்கேன் செய்வது பயனுள்ளது. மஞ்சளும் பழுப்புமான கறைகள் நீல ஒளியை அதிகமாக உறிஞ்சுவதால், ஸ்கேனின் நீலப் பகுதியில் (நீல வண்ணத்தை மட்டும் பதிவுசெய்த சேனலில்) அவை கருத்துத் தெரியும். சிவப்புப் பகுதியிலோ ஏறத்தாழ மறைந்துவிடும். எனவே படத்தை மூன்று வண்ணங்களாகப் பிரித்து, சிவப்புப் பகுதியை மட்டும் கறுப்புவெள்ளைப் படமாக எடுத்துக்கொண்டால், காப்பி சிந்திய கறைகூடப் பெருமளவு மங்கிவிடுகிறது. ஆனால் செப்பியா நிறம் கறையன்று. ஸ்டூடியோக்காரர் வேண்டுமென்றே ஏற்றியது. படத்தைச் சுற்றியுள்ள ஓரம் வெளுப்பாகவும் உருவம் மட்டும் பழுப்பாகவும் இருந்தால் அதை அப்படியே விட்டுவிடுங்கள்.

இனி தூசும் கீறலும். லேயரை நகலெடுத்து, அந்த நகலில், திரையில் 100 சதவீத அளவில், மேல் இடது மூலையிலிருந்து வரிசையாக நகர்ந்து வேலை செய்யுங்கள். 'ஹீல்' கருவி சுற்றுப்புற நிறத்தோடு கலந்துவிடுவதால் கன்னம், வானம், சுவர் போன்ற சமமான இடங்களுக்கு ஏற்றது. புடவைக் கரையிலோ தலைமுடியின் விளிம்பிலோ அது அழுக்கை இழுத்துப் பூசியது போலாக்கிவிடும், அங்கெல்லாம் 'குளோன்' கருவிதான் சரி. தூரிகை புள்ளியைவிடச் சற்றே பெரிதாக இருந்தால் போதும். தூசு தாளின் மேல் கிடப்பதால் ஸ்கேனில் அதன் விளிம்பு மிகக் கூர்மையாக இருக்கும். படத்திற்குள் இருப்பதன் விளிம்போ படத்தைப் போலவே மென்மையாக இருக்கும். இதை அறியாமல் நான் முதன்முதலில் மீட்ட படத்தில் பாட்டியின் தாடையிலிருந்த மச்சத்தைத் துடைத்துவிட்டேன். அத்தை பார்த்த மாத்திரத்தில், "இது எங்க அம்மா மாதிரியே இல்லையே" என்றார். மூலக்கோப்பு இருந்ததால் மச்சம் திரும்பி வந்தது.

கிழிந்து காணாமல்போன சுவரையோ தரையையோ பக்கத்துப் பகுதியைக் கொண்டு நிரப்புவதில் தவறில்லை. முகத்தில் அப்படிச் செய்யாதீர்கள். ஒரு கண் அழிந்திருந்தால் மறு கண்ணைத் திருப்பி ஒட்டுவது எளிது, ஆனால் ஒளி விழும் திசையும் மாறிவிடும், மனிதரும் மாறிவிடுவார். ஒரே சொடுக்கில் முகத்தைத் தெளிவாக்கும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் இதையே பெரிய அளவில் செய்கின்றன: எண்ணற்ற பிற முகங்களிலிருந்து கற்றதை வைத்துக் கண்ணிமைகளையும் பற்களையும் புதிதாக உண்டாக்குகின்றன. வழவழப்பான அந்த முகம் அழகாகவே இருக்கும், தாத்தாவுடையதாகத்தான் இருக்காது. அப்படியொரு பிரதி வேண்டுமென்றால் தனிக்கோப்பாக வைத்து, பெயரிலேயே அதைக் குறிப்பிடுங்கள்.

கூர்மையாக்குவது கடைசி வேலை. 'அன்ஷார்ப் மாஸ்க்' என்னும் கூர்மையாக்கும் கருவியின் ஆரத்தை (ரேடியஸ்) ஒரு பிக்ஸலுக்கு அருகில் வைத்து, மிதமாகச் செய்யுங்கள், இல்லையேல் தாளின் சொரசொரப்பும் கூடவே எழுந்துவரும். லேயர்களோடு கூடிய கோப்பையும் மூல ஸ்கேனையும் பத்திரப்படுத்திவிட்டு, உறவினர்களுக்கு அனுப்ப, பெரும்பாலான திரைகளுக்குப் பொதுவான எஸ்ஆர்ஜிபி (sRGB) வண்ண அமைப்பில், தரம் 90 அளவில், ஜேபெக் பிரதி ஒன்று எடுங்கள். மேலே சொன்ன 2400×3600 பிக்ஸல் கோப்பை அங்குலத்துக்கு 300 புள்ளி கணக்கில் 8×12 அங்குலம்வரை அச்சிடலாம். வாட்ஸப்பில் சாதாரணமாகப் படமாக அனுப்பினால் அது அளவைச் சுருக்கிவிடும் என்பதால், 'டாக்குமெண்ட்' வழியாக அனுப்புங்கள். கோப்பின் பெயரில் ஆண்டையும், ஊரையும், இடமிருந்து வலமாக நிற்பவர்களின் பெயர்களையும் சேர்த்துவிடுங்கள். படத்தின் பின்பக்கத்தில் ஏதாவது எழுதியிருந்தால் அதையும் ஸ்கேன் செய்து அதே பெயரில், முடிவில் 'பின்புறம்' என்று சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.