வெளுத்துப்போன பிளக்

ஜொகூர் தடத்தில் ஓட்டுவதற்காகக் சிங்கப்பூரின் காக்கி புக்கிட் பட்டறையொன்றில் வைத்திருக்கும் என் 125 சிசி டூ-ஸ்ட்ரோக் டர்ட் பைக், திராட்டிலை விட்ட பிறகும் வேகம் தணியாமல் அலறியது. கழற்றிய ஸ்பார்க் பிளக் (எரிபொருளைப் பற்றவைக்கும் பாகம்) சுண்ணாம்பாய் வெளுத்திருந்ததால், பெட்ரோல் போதவில்லை என்றெண்ணிப் கார்புரேட்டரின் பைலட் ஜெட்டை (குறைந்த வேகத்தில் பெட்ரோல் விடும் சிறு துளை) இருமுறை சுத்தம் செய்து ஒரு சனிக்கிழமையை வீணாக்கினேன். (5 லிட்டர் பெட்ரோலுக்கு 125 மில்லி எண்ணெய் என்ற கலவைக் கணக்கில் பிழையில்லை.) பிறகு எஞ்சினின் இன்டேக், எக்ஸாஸ்ட் வாய்களை அடைத்து, 6 பிஎஸ்ஐ அளவுக்குக் காற்றேற்றி, ஃப்ளைவீல் என்ற சுழல் சக்கரத்தைக் கழற்றிச் சோப்பு நீர் தடவியபோது, கிராங்க் சீலின் (சுழல்தண்டைச் சுற்றிக் காற்றை அடைக்கும் ரப்பர் வளையம்) விளிம்பில் கடுகளவு குமிழிகள் வரிசையாகக் கிளம்பின. டூ-ஸ்ட்ரோக்கில் காற்றும் பெட்ரோலும் கலந்த கலவை கிராங்க்கேஸ் (சுழல்தண்டு இருக்கும் அறை) வழியாகவே செல்வதால், அங்கே கசிந்து நுழையும் காற்று கலவையில் பெட்ரோலின் பங்கைக் குறைத்து, சூட்டை ஏற்றிப் பிஸ்டனையே கருக்கிவிடும். புதிய சீலின் உதட்டில் கிரீஸ் தடவி நேராக அமர்த்தியதும் அழுத்தம் இறங்காமல் நின்றது. அடுத்த ஓட்டத்தில் பிளக், கலவை சரியானதன் அடையாளமாக, காப்பி நிறத்தில் வந்தது.