இடப்பக்கத் திருப்பம் சரியான விதம்

காஷ்மீரின் குல்மார்க்கில், கோண்டோலா எனும் கேபிள் காரின் முதல் கட்டம் முடியும் கொங்டோரியில் பனிச்சறுக்கு பழகினேன். வலப்பக்கம் நன்றாகத் திரும்பும். இடப்பக்கம் மட்டும் பலகையின் வால், அதாவது பின்முனை, நழுவி ஓடும். முன்னால் சாயச் சொல்லிக்கொண்டே இருந்தார் பயிற்சியாளர். சாய்ந்துதான் நிற்கிறேன் என்று நான் உறுதியாக நம்பினேன். நண்பர் எடுத்த வீடியோவில் பார்த்தால், நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி இடுப்பு குதிகாலுக்குப் பின்னால் இருக்கிறது!

சரி, முதலில் உடம்பு எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்வோம் என்று சுலபமான சரிவுக்கு வந்து, கைக்கம்புகளை ஓரமாக வைத்துவிட்டேன். ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரே கேள்வி: முழங்காலுக்குக் கீழே உள்ள முன்னெலும்பு பூட்ஸின் நாக்கில் எவ்வளவு அழுந்துகிறது? 1 முதல் 10 வரை ஓர் எண்ணை வாய்விட்டுச் சொல்வேன். வலப்பக்கம் 6, 7. இடப்பக்கம் வெறும் 2.

இடப்பக்கம் திரும்பும்போது எடையைத் தாங்க வேண்டியது வெளிப்பக்கத்து வலது கால். பயத்தில் நான் மேட்டுப்பக்கம் சாய்ந்து இடது காலில் நின்றிருக்கிறேன். வலது பெருவிரலின் அடியில் அழுத்தமே இல்லை. குளிருக்குப் பயந்து போட்ட இரண்டு சாக்ஸும் அந்த உணர்வை மறைத்தன. மெல்லிய ஒற்றைச் சாக்ஸுக்கு மாறியதும் உள்ளங்கால் பேச ஆரம்பித்தது.

அப்புறம், திரும்பும்போது திருப்பத்தின் உட்பக்கத்துப் பலகையின் வாலை லேசாகத் தூக்கிப் பழகினேன். எடை வெளிக்காலில் இல்லையென்றால் அது எழும்பவே எழும்பாது. ஏமாற்ற முடியாத சோதனை. மூன்றாம் நாள் மதியம் இடப்பக்க எண் 6 ஆனது. வால் நழுவவில்லை.