பழைய ஆம்னி வேனில் பிளக் மாற்றுதல்

மாருதி ஆம்னியின் உற்பத்தி 2019-இல் நின்றுவிட்டாலும், பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லவும், சந்தைக்குக் காய்கறி கொண்டுபோகவும், பந்தல் சாமான் இறக்கவும் அந்த வேன் இன்றும் ஊர்தோறும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் இருப்பது 796 சிசி கொள்ளளவும் மூன்றே சிலிண்டர்களும் கொண்ட சிறிய எஞ்சின். நான்கு சிலிண்டர் வண்டியில் ஒன்று சரியாக எரியாவிட்டாலும் ஓரளவு சமாளிக்கலாம். ஆம்னியில் ஒன்று செத்தால் மூன்றில் ஒரு பங்கு சக்தி போய்விடும், வண்டி குலுங்கும், மேட்டில் இழுவை இருக்காது. ஆகவே இதில் பெட்ரோலைப் பொறியால் பற்றவைக்கும் பிளக்கின் நிலை மற்ற வண்டிகளைவிட அதிகக் கவனத்துக்கு உரியது. இங்கே சொல்வது பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரும், மின்சாரத்தை ஒவ்வொரு பிளக்குக்கும் முறையாகப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரும் உள்ள பழைய வண்டிகளுக்கு.

வேலையைத் தொடங்குமுன் எந்தச் சிலிண்டர் சரியாக எரியாமல் மிஸ் அடிக்கிறது என்பதைக் கண்டுகொள்வது நல்லது. ஓடும் எஞ்சினில் பிளக் வயரைக் கையால் பிடுங்கிப் பார்க்கும் வழக்கம் பலரிடம் உண்டு. அதில் பாயும் மின்னழுத்தம் பல்லாயிரம் வோல்ட் என்பதால் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். எஞ்சினை நிறுத்தி, ஒரு வயரைக் கழற்றி, அதன் முனையில் உதிரி பிளக் ஒன்றைச் செருகி, அந்தப் பிளக்கின் இரும்பு உடல் எஞ்சினில் நன்றாகப் படும்படி கட்டிவைத்த பிறகு ஸ்டார்ட் செய்து சில நொடிகள் மட்டும் சத்தத்தைக் கேளுங்கள். முன்பிருந்ததைவிட ஓட்டம் மோசமானால் அந்தச் சிலிண்டர் நன்றாக வேலை செய்துகொண்டிருந்தது என்று பொருள். எந்த மாற்றமும் இல்லையென்றால் கோளாறு அங்கேதான் இருக்கிறது.

கழற்றும் வேலையை, இரவு முழுவதும் நின்ற வண்டியில் காலையில் செய்ய வேண்டும். சிலிண்டர்களின் மேல் மூடியான ஹெட் அலுமினியத்தால் ஆனது. சூடாக இருக்கும்போது பிளக்கைத் திருகினால் மரை பிய்ந்துகொண்டு வரக்கூடும். எஞ்சின் முன் இருக்கைகளின் அடியில் இருப்பதால் இருக்கையைத் தூக்கிவிட்டு, முதலில் பெட்ரோல் வாடை வருகிறதா என்று முகர்ந்து பாருங்கள். வாடை இருந்தால் கசிவைச் சரிசெய்யாமல் மேற்கொண்டு எதையும் தொடக்கூடாது. கேஸில் ஓடும் வண்டியானால் கேஸ் சிலிண்டரின் வால்வை மூடிவிடுங்கள். பிறகு பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, கிராங்க் புல்லி இருக்கும் பக்கத்திலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று என எண்ணி, வயர்களில் டேப் ஒட்டி எண் எழுதிக்கொள்ளுங்கள். இந்த எஞ்சின் 1-3-2 என்ற வரிசையில் எரிவது. இரண்டு வயர் மாறிப்போனால் கார்புரேட்டர் வழியாகவே வெடிச்சத்தம் வரும்.

வயரைக் கழற்றும்போது ரப்பர் தொப்பியைப் பிடித்துச் சற்றுத் திருகி இழுக்க வேண்டும். வயரைப் பிடித்து இழுத்தால் உள்ளே இருக்கும் கார்பன் இழை அறுந்துவிடும், வெளியே எந்த அடையாளமும் தெரியாது. அடுத்து பிளக்கைச் சுற்றிய மண்ணையும் எண்ணெய்ப் பிசுக்கையும் காற்றடித்துப் போக்குங்கள். சைக்கிள் பம்ப்கூடப் போதும். பிளக் வெளியே வந்த பிறகு ஒரு மணல் துகள் உள்ளே விழுந்தால் அது வால்விலோ சிலிண்டர் சுவரிலோ கீறல் போடும். பிளக் இறுகியிருந்தால் முரட்டுத்தனம் வேண்டாம்: துருநீக்கும் எண்ணெய் சில சொட்டு விட்டு அரைமணி நேரம் பொறுத்து, கால் சுற்று தளர்த்தி, மீண்டும் சிறிது இறுக்கி, மறுபடி தளர்த்தி, இப்படிப் படிப்படியாக வெளியே கொண்டுவர வேண்டும்.

கழற்றிய மூன்றையும் வரிசை மாறாமல் ஒரு வெள்ளைத் துணிமேல் வைத்துப் பாருங்கள். எந்தக் கருவியும் இல்லாமல் எஞ்சினின் உள்ளே நடப்பதைக் காட்டுபவை இவைதாம். பீங்கான் முனை பிஸ்கட் நிறத்தில் இருந்தால் எரிதல் சீராக இருக்கிறது. கையில் ஒட்டும் உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது. ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம், அல்லது சோக் முழுவதும் திரும்பாமல் சிக்கியிருக்கலாம். வெளிறிப்போய் கொப்புளம் கண்டிருந்தால் கலவையில் பெட்ரோல் குறைவு, அல்லது எஞ்சின் மிகையாகச் சூடாகிறது. ரேடியேட்டரையும் கவனிக்க வேண்டும். ஈரமாக எண்ணெய் பூசியிருந்தால் வால்வு சீலோ பிஸ்டன் ரிங்கோ தேய்ந்திருக்கிறது. அங்கே புதுப் பிளக் சில வாரங்களுக்கு மட்டுமே தாங்கும்.

எங்கள் வேனில் இரண்டாம் சிலிண்டர் பிளக்கின் முனை நல்ல நிறத்தில்தான் இருந்தது. ஆனால் மேற்பகுதி வெள்ளைப் பீங்கானின் நீளவாக்கில், பென்சிலால் இழுத்தது போல மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று ஓடியது. நகத்தால் சுரண்டியும் போகவில்லை. மின்சாரம் முனைக்குப் போகாமல் அந்தக் கோட்டின் வழியே வெளியே தாவி உடலில் இறங்கிக்கொண்டிருந்தது. தொப்பியைத் திருப்பிப் பார்த்தபோது அதன் உட்புறத்திலும் அதே கோடு இருந்தது. எஞ்சினின் மேல்மூடியான ராக்கர் கவரின் பேக்கிங்கில் கசிந்த எண்ணெய் தொப்பியை நனைத்து ரப்பரைக் கெடுத்திருக்கிறது. பிளக்கை மட்டும் மாற்றியிருந்தால் அதே வழித்தடத்தில் புதுப் பிளக்கும் கெட்டிருக்கும். பழைய வண்டியில் பிளக் மாற்றுவது பிளக்கோடு முடிகிற வேலை அல்ல என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

ஆகவே வயர்களையும் ஒரே செட்டாக மாற்றிவிடுங்கள். மல்டிமீட்டர் இருந்தால் மூன்றின் மின்தடையையும் அளந்து ஒப்பிடலாம்; நீளத்துக்கு ஏற்ற சிறு வேறுபாடு இயல்பு, ஒன்று மட்டும் பலமடங்கு காட்டினால் அது போய்விட்டது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, உள்ளே மயிரிழை போன்ற விரிசலோ, பச்சை பூத்த முனையோ, தேய்ந்த கரித்துண்டோ இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். மூடிக்குள் சுழலும் ரோட்டாரின் முனை கருகியிருந்தால் எமரியால் தேய்க்காமல் புதிதாகவே போடுங்கள். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் பாயிண்ட் உள்ள வண்டியானால் பாயிண்ட்டையும் கண்டென்சரையும் சேர்த்து மாற்றி, பாயிண்ட்டின் இடைவெளியை 0.4 முதல் 0.5 மி.மீ.க்குள் வைத்து, பிறகு பொறி விழும் நேரமான டைமிங்கை டைமிங் லைட் கொண்டு சரிபார்க்க வேண்டும். இடைவெளி மாறினால் டைமிங்கும் மாறும்.

புதுப் பிளக் வாங்கும்போது வண்டியின் கையேட்டில் உள்ள எண்ணையே கேட்டு வாங்குங்கள். வேறு நிறுவனத்தின் பிளக்கைப் போடுவதானால் பிளக் எவ்வளவு சூட்டைக் கடத்தும் என்பதைக் குறிக்கும் வெப்ப எண்ணில் குழப்பம் வரும்: என்ஜிகே பிளக்கில் எண் கூடக்கூடக் குளிர்ந்த வகை, பாஷ் பிளக்கில் எண் கூடக்கூடச் சூடான வகை. ஒரு கடையில் மலிவாகக் கிடைத்த மூன்று பிளக்குகளில் எழுத்து விரலோடு வந்துவிட்டது, முனை இடைவெளியும் மூன்றில் மூன்று விதமாக இருந்தது; போலிச் சரக்கை நான் அறிந்துகொண்டது அப்படித்தான். நல்ல பிளக்கையும் அளக்காமல் போடக்கூடாது. கார்புரேட்டர் ஆம்னிக்கு இடைவெளி 0.7 முதல் 0.8 மி.மீ. இடைவெளி அளக்கும் தகடான ஃபீலர் கேஜ் லேசாக உரசிச் செல்ல வேண்டும். சரிசெய்யும்போது பக்கவாட்டு முனையை மட்டும் வளைக்க வேண்டும். நடு முனையில் அழுத்தினால் பீங்கான் விரிசல் விட்டுவிடும்.

பொருத்துவதில் பொறுமை வேண்டும். ஒரு சாண் நீளப் பெட்ரோல் ஹோஸை பிளக்கின் தலையில் செருகி, அதைக்கொண்டே முதல் சுற்றுகளைத் திருகுங்கள். மரை கோணலாகப் பிடித்தால் ஹோஸ் வழுக்கிவிடும், ஹெட் தப்பும். ஸ்பேனரால் தொடங்கினால் கோணலைக் கை உணராது. மரை போனபின் அதற்குப் பதிலாகக் கம்பிச்சுருள் மரையான ஹெலிகாயில் போடுவதற்கு ஆகும் செலவோ பிளக்கின் விலையைவிடப் பன்மடங்கு. விரலால் இறுகும்வரை போன பிறகு, வாஷர் உள்ள புதுப் பிளக்கை ஸ்பேனரால் அரைச் சுற்று திருப்பினால் போதும். முறுக்கு விசையை அளந்து இறுக்கும் டார்க் ரென்ச் இருந்தால் ஏறத்தாழ 25 நியூட்டன் மீட்டர். ஏற்கெனவே நசுங்கிய வாஷர் உள்ள பழைய பிளக்கைத் திரும்பப் போட்டால் அதில் கால் பங்கு திருப்பலே போதுமானது.

ஏர் ஃபில்டரையும், கசிவு இருந்தால் ராக்கர் கவர் பேக்கிங்கையும் அதே நாளில் மாற்றிவிடுங்கள். இருக்கையைத் தூக்கியாயிற்று, இன்னொரு நாள் மெனக்கெட வேண்டாம். பேட்டரியை இணைத்து ஸ்டார்ட் செய்து, அன்று இருட்டிய பிறகு விளக்கை அணைத்துவிட்டு, கை வைக்காமல் வயர்களைப் பாருங்கள். எங்காவது நீலப் பொறி ஓடினால் அந்த இடத்தில் கசிவு இன்னும் இருக்கிறது. 500 கி.மீ. ஓடிய பிறகு பிளக்குகளை மீண்டும் கழற்றி நிறத்தைப் பாருங்கள். ஒன்று மட்டும் திரும்ப எண்ணெயில் நனைந்திருந்தால், அடுத்த செலவைப் பிளக்கில் போடாமல் சிலிண்டருக்குள் அழுத்தம் சரியாக இருக்கிறதா என்று கம்ப்ரஷன் பார்க்கும் மெக்கானிக்கிடம் வண்டியைக் கொண்டுபோங்கள்.